தொப்பி பேசுகிறதா என்று கேளுங்கள்

போன இதழில் ஸ்பீக்கர் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: செட் வந்துவிட்டது, இனி அதில் எதைப் போட்டுக் கேட்பது, நல்லாகப் பதிவு செய்த அல்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இல்லை. திருகோணமலையில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கோயில், கலியாணம், நாடகம் என்று ஒலிபெருக்கி கட்டியும் ரேடியோ திருத்தியும் வந்தவன் நான், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கேட்பதுதான் பொழுது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பின காசில் நல்ல அம்ப்ளிஃபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். பென் டிரைவில் இருக்கிற இரண்டாயிரம் பாட்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய செட்டில் கேட்டபோது இருந்த சந்தோஷம் இதில் இல்லை, அரை மணித்தியாலத்தில் காது வலிக்கிறது. செட் பிழையா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— உவர்மலை வாசகர்

செட்டும் பிழையில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை ஐயா. பழைய செட் மூடி வைத்திருந்த ஊத்தையை இந்தச் செட் வெளியில் எடுத்துப் போடுகிறது. பென் டிரைவைக் கொம்பியூட்டரில் சொருகி ஒரு பாட்டின் அளவைப் பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சீடியில் ஐம்பது எம்பிக்கு மேல் வரும். உங்களுடையது ஐந்து எம்பிக்குள் நின்றால் அது 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது வினாடிக்கு 128 கிலோபிட்டுக்குச் சுருக்கினது. சீடியில் வினாடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிற இடத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு எறிந்தவை. சின்னச் செட்டில் அது உண்மையாகவே தெரியாது, ஆனால் நல்ல ஸ்பீக்கரில் சலங்கை, தாளம், கைதட்டல் வருகிற இடங்களில் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு சலசலப்புக் கேட்கும்.

320இல் செய்த எம்பி3 என்றால் நான் பெரிய குறை சொல்ல மாட்டேன். ஆனால் 128ஐ எடுத்து 320 என்று மாற்றிப் பெயர் போட்டுக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து எந்த உயரத்தில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டுகிற ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பார்த்தால், 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல வெறுமையாக இருக்கும். அப்படி இருந்தால் அநேகமாக அது பழைய 128தான், மேலே என்ன எழுதியிருந்தாலும்.

காது வலிக்கிறதற்குக் காரணம் வேறு. 1990களின் நடுவிலிருந்து பாட்டுகளைச் சத்தமாக்கிச் சத்தமாக்கி வெளியிடுகிற போட்டி ஒன்று உலகம் முழுக்க நடந்தது. சீடியில் சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் போக முடியாது. அதனால் மெதுவான இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அமுக்கி, எல்லாவற்றையும் கூரையோடு ஒட்டி வைத்தார்கள். ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிட எடுப்பாகக் கேட்கும், உண்மைதான், ஆனால் பாடகர் மூச்சு விடுகிற இடமும் தவில் இடிக்கிற இடமும் ஒரே உயரத்தில் இருந்தால் காது எங்கே போய் இளைப்பாறுவது? 2008இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ரொக் குழுவின் 'டெத் மக்னெட்டிக்' அல்பம் வந்தபோது ரசிகர்களே சேர்ந்து, இதைத் திரும்ப நல்லபடியாகச் செய்து தாருங்கள் என்று மனுப் போட்டார்கள், அந்த அளவுக்கு இரைச்சல்.

போன வருஷம் உங்கள் உவர்மலையிலேயே ஒரு நண்பர் வீட்டில் இதே கதை. புதுச் செட், பென் டிரைவ், முகத்தில் கவலை. அலுமாரியின் அடித்தட்டில் அவர் மனைவியின் பழைய சீடிகள் இருந்தன, 1990களில் வாங்கியவை, உறை மஞ்சளாகிப் போயிருந்தது. பென் டிரைவில் இருந்த அதே பாட்டை அந்தச் சீடியில் போட்டோம். முதலில் சத்தம் குறைவாகக் கேட்டது, "இது இன்னும் மோசம்" என்றார். வொலியூமைத் திருப்பி, பாடகியின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் வரும்படி வைத்தோம். பல்லவி முடிந்து மேளம் இறங்கிய இடத்தில் அவர் கதிரையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அடி வந்து விழுந்த விதம் அப்படி. பிறகு அவர் பேசவில்லை, சீடி முடியும் வரைக்கும் இருந்தோம். நீங்களும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும், குரலின் அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தம் கூடியதுதான் எப்போதும் வெல்லும்.

கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறேன். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட, வாத்தியம் வாத்தியமாகவே கேட்கிற மாதிரியான பதிவுகள் வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் மிருதங்கம் பிஸ்கட் பெட்டியில் தட்டுவது போல இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— பாலையூற்று ஆசிரியை

ரீச்சர், நீங்களே விடையைப் பாதி சொல்லிவிட்டீர்கள். நான் ஒரு பதிவைச் சோதிக்க முதலில் கேட்பது மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடது பக்கத்துத் தோலைத்தான். வலது பக்கமான வலந்தலை, நடுவில் பூசின கரணை என்ற கறுப்பு வட்டத்தோடு கணீரென்று வரும், அதை எந்த மைக்கும் பிடித்துவிடும். தொப்பி அப்படியில்லை. ரவை ஒட்டி ஈரம் காயாமல் வைத்திருக்கிற அந்தத் தோல், அடித்தவுடன் ஒரு ஒலியும், உள்ளங்கையின் அடிப்பாகம் தோலில் வழுக்கும்போது கீழேயிருந்து மேலே ஏறுகிற கும்கியும் கொடுக்கும். நல்ல பதிவில் அந்த ஏற்றம் நிலத்தில் படுத்து வந்து உங்கள் காலடியில் எழும்பும். கெட்ட பதிவில் 'டொக்' என்று நின்றுவிடும். இரண்டாவது தம்புரா. தந்திகளைத் தாங்குகிற குதிரையில் நூலை, அதுதான் ஜீவாளியை, சரியான இடத்தில் வைத்தால் தந்தியிலிருந்து எழும்புகிற அந்த ரீங்காரம் ஒன்றன் மேல் ஒன்றாக விரிந்துகொண்டே போகும். பதிவு சரியில்லை என்றால் அது வெறும் இரைச்சல். தொப்பியும் தம்புராவும் சரியென்றால் மற்றது தானாகச் சரி.

கச்சேரிப் பதிவுகளில் ஏன் பிழைக்கிறது என்றால், அநேகமானவை மேடை மிக்ஸரிலிருந்து நேராக வயர் இழுத்துப் பிடித்தவை. வாய்க்கு நாலு அங்குலத்தில் மைக், மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் ஒட்டினபடி மைக், சபையின் காற்று ஒரு சொட்டும் இல்லை. நானே இதில் பிழை விட்டுத்தான் படித்தேன். 1990களில் இங்கே ஒரு கோயில் திருவிழாவில் நாதஸ்வரம், தவில் இரண்டையும் என் மிக்ஸரிலிருந்து கசெட்டில் எடுத்தேன். நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கிற அணசுக்கு நேரே மைக் வைத்திருந்தேன். வீட்டில் போட்டால் தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. அதே இரவு, தூணடியில் பதினைந்து அடி தள்ளி ஒரு பொடியன் சின்ன ரெக்கோடரில் எடுத்திருந்தான். அதில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் இனிமை இருந்தது, தவில் கல் மண்டபத்தில் மோதித் திரும்புவது இருந்தது, நடுவில் ஒரு குழந்தை அழுவதும் இருந்தது, நாங்கள் அன்றைக்குக் கோயிலில் கேட்டது அதுதான். நாதஸ்வரத்தின் நாதம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, அவை எல்லாம் காற்றில் ஒன்றாகச் சேரக் கொஞ்சத் தூரம் வேண்டும். பத்து வருஷம் ஒலிபெருக்கி கட்டின எனக்கு இது தெரியாமல் இருந்தது.

இதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் இலங்கையில் பிறந்தவர் என்பதைச் சொன்னால் எனக்கு இன்னமும் நெஞ்சு நிறைகிறது. கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில் வோட்டர் லிலி அகௌஸ்டிக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை நடத்தினார். 1992 செப்டெம்பரில் அங்கே ஒரு தேவாலயத்தில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரையும், மோகன வீணை என்கிற கிட்டார் வகையை வாசிக்கிற விஷ்வ மோகன் பட்டையும் எதிரெதிரே இருத்திப் பதிவு செய்தார். இருவரும் முதன்முதலில் சந்தித்து அரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது, ஒத்திகை இல்லை. சுக்விந்தர் சிங் நாம்தாரி தபேலா, கூடரின் மகன், சின்னப் பையன், டும்பெக் என்கிற மத்திய கிழக்கு மேளம். குறுக்காக வைத்த ஒரு சோடி மைக், வால்வு கருவிகள், அனலொக் நாடா. நாலே நாலு பாட்டு. 'எ மீட்டிங் பை த ரிவர்' என்று 1993இல் வந்த அந்த அல்பத்துக்கு அடுத்த வருஷம் கிராமி விருது கிடைத்தது. அதைப் போட்டுவிட்டு ஹோலில் விளக்கை அணைத்துப் பாருங்கள் ரீச்சர். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், இருவருக்கும் பின்னால் அந்தத் தேவாலயத்தின் உயரம், கம்பியில் உலோகம் வழுக்கி நிற்கிற இடத்தில் ஒலி எப்படி மெல்ல மெல்லக் காற்றில் கரைகிறது என்பது வரைக்கும் கேட்கும். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதே நிறுவனத்தில் வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் பதிவுகளும் உண்டு. அவர் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில்தான், தகப்பன் வி. லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் படிப்பித்தார், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார்கள்.

இன்னொன்று, 1987இல் ஈசிஎம் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்ட, தபேலாக் கலைஞர் ஜாகிர் ஹுசைனின் 'மேக்கிங் மியூசிக்'. ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், ஜோன் மக்லாஃப்லின் கிட்டார், யான் கார்பரெக் சாக்ஸஃபோன். ஒஸ்லோ நகரத்தில் ரெயின்போ ஸ்டூடியோவில் யான் எரிக் கொங்ஸ்ஹாவ் என்ற பொறியியலாளர் பிடித்தது. இது தேவாலயப் பதிவு போல இயற்கையான இடம் இல்லை, ஸ்டூடியோ எதிரொலி கொஞ்சம் தடவியிருக்கிறார்கள், ஆனாலும் தபேலாவின் தாழ்ந்த ஒலிப் பக்கமான பாயாவும் புல்லாங்குழலில் விழுகிற மூச்சும் அவ்வளவு சுத்தம். கச்சேரியே வேண்டும் என்றால் சென்னை சார்சுர் நிறுவனம் வெளியிட்ட மேடைப் பதிவுகளைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் உறையின் பின்பக்கத்தில் ஒலிப்பதிவு செய்தவரின் பெயரும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பாடியவர் பெயரைப் பார்த்து வாங்கினால் நல்ல பாட்டுக் கிடைக்கும், ஒலியைப் பதிந்தவர் பெயரையும் பார்த்து வாங்கினால்தான் நல்ல பதிவு கிடைக்கும்.

24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் ஃபைல்கள் விற்கிறார்கள். சீடியைவிட மேலா?
— அநுராதபுரச் சந்தி வாசகர்

பிட் என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது, கிலோஹேர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை ஆயிரம் தரம் அளக்கிறது என்ற கணக்கு. பதிவு செய்கிறவருக்கு 24 பிட் தேவை, அவருக்கு அது கைகாவல். வீட்டில் கேட்கிற நமக்கு சீடியின் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் போதும். அது அதில் பாதி, 22 கிலோஹேர்ட்ஸ் வரைக்குமான ஒலியைக் கொடுக்கும், நல்ல காதுள்ள இளம் பிள்ளைக்கே 20தான் எல்லை, என் வயதில் அது எவ்வளவோ கீழே வந்துவிடும். சத்த வித்தியாசம் 96 டெசிபெல் அளவுக்குக் கிடைக்கும், உங்கள் வீட்டு மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் அதில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள். கூரையோடு ஒட்டி அமுக்கின பாட்டை 192இல் தந்தாலும் அது அமுக்கின பாட்டுத்தான். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல சீடி வாங்குங்கள்.

நானா, கர்நாடக சங்கீதம் எனக்கு விளங்காது. ரஹ்மான், இளையராஜா இரண்டு பேரிலும் செட்டுக்கு ஏற்ற அல்பங்கள் சொல்லுங்கள். யூடியூபிலிருந்து எடுத்தால் போதுமா?
— கிண்ணியா இளைஞர்

யூடியூபில் வருவது சுருக்கின ஒலிதான் தம்பி, தெரிந்துகொள்ளக் கேட்கலாம், பிடித்துவிட்டால் நல்ல பிரதி தேடுங்கள்.

ரஹ்மானில் 1992 'ரோஜா'விலிருந்தே தொடங்கலாம். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் செய்தது. அவரோடு தொடக்கத்திலிருந்து இருந்த ஒலிப்பதிவுப் பொறியியலாளர் எச். ஸ்ரீதர். 2008இல் காலமாகிவிட்டார், தேசிய விருதுகள் பெற்றவர், ஆனால் பாட்டைத் தலைகீழாகப் பாடுகிற எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? தாழ்ந்த ஒலி அவ்வளவு இறுக்கமாகவும் குரல் அவ்வளவு கிட்டவும் தமிழ்ப் படப் பாட்டில் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1997 'இருவர்' எடுத்துக் கேளுங்கள், ஜாஸ் பாணியில் வருகிற பாட்டுகளில் பித்தளை வாத்தியங்களின் கூர்மையும் அவற்றுக்கிடையே விட்டிருக்கிற வெளியும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அச்சடித்த சீடி கிடைத்தால் அதையே எடுங்கள். பின்னாளில் 'ரீமாஸ்டர்' என்று, பழைய பதிவைத் திரும்பச் செப்பனிட்டதாக வருவது எல்லாமே முன்னேற்றம் இல்லை, அதே பாட்டைச் சத்தம் மட்டும் கூட்டி விடுவதும் நடக்கிறது.

இளையராஜாவில் படப் பாட்டுக்கு முன்னால் இரண்டு தனி அல்பம் சொல்கிறேன். 1986 'ஹவ் டு நேம் இட்', வி.எஸ். நரசிம்மனின் வயலினோடு. 1988 'நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. இரண்டிலும் தந்தி வாத்தியக் கூட்டம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பதில் சொல்லுகிறதை ஸ்பீக்கர் சரியாக வைத்தால் விரலால் காட்டலாம். பெரிய வாத்தியக் குழு வேண்டும் என்றால் 2005இல் வந்த 'திருவாசகம்', புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. எழுபதுகள், எண்பதுகளின் படப் பாட்டுகளில் எச்சரிக்கை, எல்லாச் சீடியும் மூல நாடாவிலிருந்து எடுத்தது இல்லை, இசைத்தட்டைச் சுழலவிட்டுப் பிடித்து, கீறல் சத்தத்தை மென்பொருளால் துடைத்து விற்பதும் உண்டு. துடைக்கிற போது வயலினின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். குரல் பஞ்சுக்குள் இருந்து வருவது போல இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

நிலாவெளியில் ஹோட்டலில் வேலை. வெளிநாட்டு விருந்தினர் வந்து இருக்கிற இடம், மாலையில் மெதுவாகப் போட ஆங்கில, மற்ற நாட்டு அல்பங்கள் மூன்று சொல்லுங்கள்.
— நிலாவெளி வாசகர்

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ', 1959, நியூயோர்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த ஸ்டூடியோவில் எடுத்தது. 1992க்கு முன்னால் வந்த பிரதிகளில் முதல் பக்கம் கொஞ்சம் சுருதி கூடி ஓடும், பதிவு செய்த நாடா இயந்திரம் வேகம் குறைந்து ஓடியதைக் கண்டுபிடித்துத் திருத்தியதே முப்பது வருஷம் கழித்துத்தான், அதனால் அதற்குப் பிறகு வந்ததை வாங்குங்கள். கியூபாக் கலைஞர்களின் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்', 1996இல் ஹவானாவில் பழைய ஸ்டூடியோ ஒன்றில் எல்லோரும் கூடி இருந்து வாசித்தது, தயாரித்தவர் மேலே சொன்ன அதே ரை கூடர். அந்த அறை உங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். மூன்றாவது டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ஆங்கில ரொக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்', 1985, பத்து இலட்சம் சீடி விற்ற முதல் அல்பம். மெதுவாகப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், இதில் மெதுவான இடம் மிக மெதுவாக இருக்கும், கடல் இரைச்சலில் தொலைந்துபோகும். கடற்கரைப் பக்கம் முதல் இரண்டும், உள்ளே இதுவும்.

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஹோல். சில பாட்டில் தாழ்ந்த ஒலி 'பூம்' என்று வீடு முழுக்க நிற்கிறது, சிலதில் இல்லவே இல்லை. பதிவா, செட்டா?
— லிங்கநகர் வாசகர்

அறை. நீளமும் அகலமும் ஒரே அளவாக இருப்பதுதான் வினை. நம்முடைய வெக்கையில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் அளவில் போகும், பன்னிரண்டு அடிச் சுவர்களுக்கு இடையே 48 ஹேர்ட்ஸ் அளவில் அது எதிரொலித்து எதிரொலித்துத் தங்கிவிடும், இரண்டு பக்கமும் ஒரே அளவென்பதால் இரட்டிப்பாக. அந்தச் சுருதி பாட்டில் வரும்போதெல்லாம் பூம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு வையுங்கள். நீங்கள் இருக்கிற கதிரையையும் அறையின் நட்ட நடுவில் வைக்காதீர்கள், அந்தத் தாழ்ந்த ஒலி கேட்காத இடம் அதுதான். சீமெந்து நிலம், வெறும் சுவர், கண்ணாடி யன்னல் என்றால் மேல் ஒலியும் கூசும், அதற்கு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் நிலத்தில் ஒரு தடித்த கம்பளம், பக்கத்துச் சுவரில் புத்தகம் அடுக்கின தட்டு. பனம்பாய் அழகு, ஆனால் ஒலியை உறிஞ்சாது.

கடற்கரையோரம் இருக்கிற எல்லோருக்கும் இன்னொன்று. உப்புக் காற்றில் பின்பக்க வயர்ச் சொருகிகள் பச்சை பூத்துவிடும், ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சொருகுங்கள், நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். கோனின் விளிம்பு பஞ்சாக இருந்தால் நம் ஈரத்தில் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் விளிம்பு பார்த்து வாங்குங்கள்.

நல்ல பிரதி என்று வாங்குமுன் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? திருகோணமலையில் இப்போது சீடிக் கடையே இல்லையே.
— மனையாவெளி வாசகி

பிரதான வீதியில் கசெட் பதிந்து கொடுத்த கடைகள் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கும் கவலைதான் தங்கச்சி. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொக்கிலேட்டுக்குப் பதிலாகப் பழைய சீடி கேளுங்கள், அங்கே பாவித்த சீடி மலிவு, தபாலில் வந்தாலும் உடையாது. பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞர்களிடமிருந்தே ஃபிளாக் ஃபைலாக வாங்கலாம், ஃபிளாக் என்பது சீடியின் ஒரு பிட்டையும் எறியாமல் மடித்து வைப்பது, அளவு பாதியளவில் குறையும், ஒலி குறையாது. அப்பிள் மியூசிக் 2021இலிருந்து மேலதிகக் காசு கேட்காமல் இழப்பில்லாத ஒலி தருகிறது. ஆனால் ஃபோனிலிருந்து புளூடூத்தில் செட்டுக்கு அனுப்பினால் நடுவழியில் அது திரும்பச் சுருங்கிவிடும், டிஜிட்டல் ஒலியைச் செட்டுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றுகிற ஒரு சின்ன டாக் கருவி வாங்கி வயரிலே கொடுங்கள்.

வாங்குமுன் பார்க்க, அல்பங்களின் சத்த ஏற்ற இறக்கத்தை அளந்து எண் போட்டு வைத்திருக்கிற டைனமிக் ரேஞ்ச் டேட்டாபேஸ் என்ற தளம் உண்டு. ஒரே அல்பத்தின் 1980களின் சீடியும் பின்னாள் ரீமாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். 12, 14 என்றால் நம்பிக்கையாக வாங்கலாம், 5, 6 என்றால் இன்னொரு பதிப்புத் தேடுங்கள். இசைத்தட்டுக்குக் காட்டுகிற எண்ணைச் சீடியோடு ஒப்பிட வேண்டாம், தட்டிலிருந்து எடுத்தால் அளக்கிற முறையில் எண் கூடித்தான் காட்டும். தமிழ் அல்பங்கள் அதில் குறைவு, அதற்கு உங்கள் காதும் ஒடாசிட்டியும்தான்: பாட்டின் அலைப் படம் செங்கல் போல நிறைந்து நின்றால் விடுங்கள், பனைமர வரிசை போல உயர்ந்தும் தாழ்ந்தும் நின்றால் எடுங்கள்.

எனக்கு வயது 78. தகப்பனார் காலத்துத் தவில், நாதஸ்வரக் கசெட்டுகள் நாற்பது இருக்கின்றன, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் அதில் உண்டு. மாரியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பேரன் எறியச் சொல்கிறான். இவற்றை நல்ல செட்டில் கேட்க முடியுமா?
— திருக்கடலூர் வாசகர்

எறிய விடாதீர்கள் ஐயா. தெட்சணாமூர்த்தி 1975இலேயே போய்விட்டார், அவர் வாசித்தது இனி ஒரு பதிவிலும் புதிதாக வராது.

பூஞ்சணம் பிடித்ததைப் பிளேயரில் போட வேண்டாம், நாடாவை வாசிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். முதலில் ஈரமில்லாத அறையில், வெயில் நேரே படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடின டப்பாவில் சில நாள் வையுங்கள். பெட்டி ஸ்குரூ போட்டதென்றால் கழற்றலாம், ஒட்டினதென்றால் நாடாவைப் பக்குவமாக எடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும், பலர் நாடாவே போய்விட்டது என்று நினைத்து எறிவது இதனால்தான். ஹெட்டை ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கள், மண்ணெண்ணெய் கூடாது.

முக்கியமானது ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்குரூ. ஒவ்வொரு ரெக்கோடரிலும் ஹெட் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பதிந்த இயந்திரத்தின் சாய்வும் போடுகிற இயந்திரத்தின் சாய்வும் ஒன்றாக வந்தால்தான் மேல் ஒலி திறக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கேளுங்கள். தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் விழுகிற சத்தம் திடீரென்று கூர்மையாகும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் அந்த இடம் மாறும். பிறகு கொம்பியூட்டரில் ஃபிளாக்காகப் பதியுங்கள், இரைச்சலைத் துடைக்க வேண்டாம், இரைச்சலுக்குள்தான் மண்டபமும் இருக்கிறது.

கை நடுங்குகிறது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விலாசத்தைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னுடைய டெக்கோடு நான் வருகிறேன். பேரனையும் வீட்டில் நிற்கச் சொல்லுங்கள், ஸ்குரூவை அவர் திருப்பட்டும்.